குடிலும் நாயும்: புத்தூர் இல்லத்தார்க்கு ஒரு திறந்த மடல்

திருச்சிராப்பள்ளி புத்தூரிலும் அதனை ஒட்டிய உறையூர், தில்லைநகர்ப் பகுதிகளிலும் நாய் வளர்த்து, கிறிஸ்துமஸுக்கு வீட்டை அலங்கரிக்கும் குடும்பத்தினர் அனைவருக்கும்,

டிசம்பர் பிறந்ததும் கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கும் எச்சரிக்கைப் பட்டியல்களில் பெரும்பாலானவை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நாய் வளர்ப்போருக்காக எழுதப்பட்டவை. ஹாலி என்னும் முள்ளிலைச் செடியின் சிவப்புக் கனிகளும், மிஸில்டோ என்னும் புல்லுருவி இனமும், வெட்டிக் கொணர்ந்த ஊசியிலை மரம் வாடாதிருக்க அதன் அடியில் தேக்கி வைக்கப்படும் நீரும் அவற்றில் தவறாமல் முதலிடம் பெறுகின்றன. புத்தூரில் எந்த வீட்டு வரவேற்பறையிலும் இவற்றைக் காண்பது அரிது. ஸ்வார்ட்ஸ் பாதிரியார் 1762-இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்து, 1766-இல் தெப்பக்குளத்தை அடுத்துக் கிறிஸ்து ஆலயம் எழுப்பப்பட்ட காலத்திலிருந்து இவ்வூரில் வேரூன்றிய கிறிஸ்துமஸ், வெள்ளையடித்த சுவரும், சவுக்குக் கிளையும், வைக்கோல் குடிலும், வாசலில் தொங்கும் காகித நட்சத்திரமும், பிரியாணி மணக்கும் அடுக்களையுமாகத் தனக்கென ஓர் உருவம் பெற்றுவிட்டது. ஆகவே நாய்க்கு நேரக்கூடிய கேடுகளின் பட்டியலும் இந்த வீட்டிலிருந்தே எழுதப்பட வேண்டும் என்பதும், அயல்நாட்டுப் பட்டியலை அப்படியே நம்பினால் இல்லாத ஹாலியைத் தேடிக்கொண்டிருக்கும் வேளையில் இருக்கும் அரளி கண்ணில் படாமல் போகும் என்பதுமே இம்மடலின் கருத்து.

கேடு அலங்காரத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பண்டிகைக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பதும், ஜன்னல் கம்பிகளுக்கும் வாசற்கதவுக்கும் எனாமல் பெயிண்ட் பூசுவதும் வழக்கம். சுட்ட சுண்ணாம்புக் கற்கள் நீரில் தாளித்துக் கொதிக்கும் வாளியில் வாய் வைக்கும் நாய்க்கு நாக்கும் தொண்டையும் வெந்துபோகும் என்பது எளிதில் விளங்குவதே. கம்பிகளைச் சுரண்டும்போது உதிரும் பழைய பெயிண்ட் பொருக்கின் கேடு அவ்வாறு வெளிப்படையாகத் தெரிவதில்லை. இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயிண்டுகளில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மிகாமல் கட்டுப்படுத்தும் விதிகள் 2016-இல் வகுக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் பூசப்பட்ட அடுக்குகளில் ஈயம் மிகுதியாக இருக்க வாய்ப்புண்டு. உப்புத்தாள் தேய்க்கையில் தரையில் படியும் அந்தத் தூளில் நடந்து, பின் தன் பாதத்தை நக்கும் நாயின் உடலுக்குள் ஈயம் சென்று சேருகிறது. ஆதலால் சுரண்டும் நாட்களில் நாயை மாடியிலோ வேறு அறையிலோ வைத்திருந்து, தரையை ஈரத்துணியால் துடைத்த பின்னரே உள்ளே விடுவது முறை. டர்பன்டைன், தின்னர் போன்ற கரைப்பான்களால் நாயின் உடலில் ஒட்டிய பெயிண்டைத் துடைப்பது கூடவே கூடாது. அவை தோலைப் புண்ணாக்குவதோடு, நாய் அவ்விடத்தை நக்குவதால் வயிற்றுக்கும் சென்றுவிடுகின்றன.

மரத்தைப் பொறுத்தவரை சவுக்குக் கிளை நல்லதொரு தேர்வு. அதன் நுனிகளை நாய் கடித்தாலும் பெருங்கேடு விளைவதில்லை. இப்போது பல வீடுகளில் அதன் இடத்தைப் பிடித்துள்ள பிளாஸ்டிக் மரமோ இலேசான அடிப்பகுதி உடையது. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நெடிய வேட்டை நாய்கள் திரும்பும்போது அவற்றின் வாலே அதனைச் சாய்த்துவிடும். மணல் நிரப்பிய வாளியில் கிளையை ஊன்றி, நடுத்தண்டை ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டிவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்தது. மரத்தில் தொங்கும் பொருள்களுள் கண்ணாடி உருண்டைகளின் ஆபத்து அனைவரும் அறிந்தது. அதனினும் கொடியது ஜிகினாச் சரம். நாய் விழுங்கிய நீண்ட சரத்தின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் இறங்கிச் செல்லும். குடல் தன் இயல்பான அலையசைவால் அதனைக் கீழே தள்ள முயலும்போது, சரம் நகராமல் குடலே அதன்மீது ஏறி, நாடாவை இழுத்த பாவாடை போலச் சுருங்கி மடிகிறது. இழுபட்ட சரம் மடிப்புகளை அறுத்து ஓட்டையிடுவதும் உண்டு. மருத்துவர்கள் நேர்கோட்டு அயற்பொருள் அடைப்பு என்று குறிப்பிடும் இந்நிலைக்கு அறுவைச் சிகிச்சையே பெரும்பாலும் தீர்வு. வாயிலோ மலவாயிலோ சரத்தின் முனை தென்பட்டால் அதனைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பதை வீட்டில் உள்ள சிறுவர்க்கும் சொல்லி வைக்க வேண்டும். பரிசுப் பொட்டலங்களின் ரிப்பனுக்கும், நட்சத்திரம் கட்டும் நைலான் கயிற்றுக்கும் இதே விதி பொருந்தும். பனி என்று கருதி மரத்தில் ஒட்டப்படும் பஞ்சும் வயிற்றில் அடைத்துக்கொள்ளக் கூடியதே. திருச்சியின் மார்கழிக்குப் பனித்துளியே போதும் என்று கொள்வோருக்கு அந்தக் கவலையும் இல்லை.

மின்விளக்குகளைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. சீரியல் செட் என்னும் விளக்குச் சரத்தில் சிறு பல்புகள் தொடர் இணைப்பில், அதாவது ஒன்றின் வழியாகவே மற்றொன்றுக்கு மின்சாரம் செல்லும் வகையில், கோக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பல்பும் சில வோல்ட் மட்டுமே எடுத்துக்கொள்வதால் முழுச் சரமும் குறைந்த மின்னழுத்தம் உடையது என்ற எண்ணம் பரவலாக உண்டு, அது தவறு. வீட்டு இணைப்பின் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகப்படும் சரத்தில், செருகிக்கு அருகில் உள்ள கம்பி ஏறக்குறைய முழு அழுத்தத்தையும் தாங்கியிருக்கும். செருகியின் இரு முனைகளையும் எப்படித் திருப்பியும் செருக இயலும் என்பதால், எந்தப் பக்கத்துக் கம்பி உயிரோட்டம் உள்ளது என்பதையும் கணிக்க முடியாது. மலிவான சரங்களின் உறையோ மெல்லியது. பல் முளைக்கும் பருவத்துக் குட்டி அரை நிமிடத்தில் அதனைக் கடித்துவிடும்.

கசிவு மின்சாரத்தைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி வீட்டில் பொருத்தப்பட்டிருந்தால் கவலை இல்லை என்று கருதுவோரும் உள்ளனர். ஆர்.சி.சி.பி. எனப்படும் அக்கருவி, 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் நிலத்துக்குக் கசியும்போது செயல்படுவது. நாய் இரு கம்பிகளையும் ஒருசேரக் கடித்தால் மின்சாரம் ஒரு கம்பியிலிருந்து வாயின் வழியே மறு கம்பிக்குச் சென்றுவிடுமாதலால் நிலக்கசிவு ஏற்படாமல், கருவி அசையாதிருக்கக் கூடும். கருவி இருப்பது நன்றே. ஆனால் அது கடிக்கும் வாயைக் கணக்கில் கொண்டு செய்யப்பட்டதன்று. அடாப்டர் வழியாக 5 அல்லது 12 வோல்ட்டுக்குக் குறைத்து இயங்கும் எல்.இ.டி. சரங்களை வாங்கி, அடாப்டரையும் அதன் செருகியையும் நாய்க்கு எட்டாத உயரத்தில் வைப்பதும், நேரடி இணைப்புச் சரங்களை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கும் வெளிவாசலின் மேற்பகுதிக்கும் ஒதுக்குவதுமே நம்பத்தக்க ஏற்பாடு. வடகிழக்குப் பருவமழை முற்றிலும் ஓயாத மாதமாகையால், வெளியில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டி நாய்க்கு மட்டுமன்றி வீட்டாருக்கும் கேடே.

கம்பியைக் கடித்தபடி விழுந்து கிடக்கும் நாயைத் தொடுமுன் சுவிட்சை அணைத்துச் செருகியைப் பிடுங்க வேண்டும். அதன்பின் நாய் எழுந்து நடமாடினாலும் அது தப்பிவிட்டது எனக் கொள்வதற்கில்லை. மின்தாக்குதலுக்குச் சில மணி நேரம் கழித்து, சில வேளைகளில் மறுநாள்கூட, நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல் ஏற்படுவது இத்தகைய நிகழ்வுகளில் அறியப்பட்ட போக்கு. நாக்கிலோ உதட்டின் ஓரத்திலோ வெளிறிய தீப்புண் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

அடுத்தது குடில். அசிசி நகரத்து புனித பிரான்சிஸ், 1223-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் இரவில் இத்தாலியின் கிரெச்சோ என்னும் சிற்றூரில் வைக்கோல் பரப்பிய தீவனத்தொட்டியை அமைத்து, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் அதனருகே நிறுத்தினார் என்பது வரலாறு. விலங்கு உயிரோடு நின்ற அக்காட்சியிலிருந்து பிறந்த மரபுக்கு, வைக்கோலில் சுருண்டு படுத்துறங்கும் வீட்டு நாயால் எந்த இழுக்கும் நேர்வதில்லை. கவலை முழுவதும் நாயைப் பற்றியதே. குடிலின் மலைகளை உருவாக்கப் பழுப்புத் தாளைக் கசக்கி மைதாப் பசையால் ஒட்டுவது வழக்கம். பூச்சியும் எலியும் அரிக்காதிருக்க அப்பசையில் மயில்துத்தம் கலப்போர் உண்டு. மயில்துத்தம் என்பது தாமிர சல்பேட். மைதாவின் மணத்துக்கு மயங்கித் தாளை நக்கும் நாய்க்கு அது கடும் வாந்தியையும், அளவு மிகுந்தால் ஈரல் கேட்டையும் உண்டாக்கவல்லது. வெறும் மைதாப் பசையே ஒன்றரை மாதம் தாங்கும் என்பதால் துத்தத்தைத் தவிர்ப்பதில் இழப்பு ஏதுமில்லை.

குடிலைச் சுற்றிப் பச்சை வயல் தோன்றத் தட்டுகளில் நெல்லோ கேழ்வரகோ விதைத்து முளைக்க விடும் அழகிய பழக்கம் பல வீடுகளில் உள்ளது. நாய் அந்தப் பசுந்தளிரைக் கடித்துத் தின்னும், அதனால் தீங்கில்லை. ஆனால் விதைக்கடையில் வாங்கும் விதைநெல், பூஞ்சை தாக்காதிருக்க மருந்து பூசப்பட்டதாக இருக்கலாம். விதை நேர்த்தி எனப்படும் இந்த முறைக்கு உட்பட்ட விதைகள் பெரும்பாலும் இளஞ்சிவப்பு அல்லது பச்சை நிறச் சாயம் ஏறியவையாகக் காணப்படும். மளிகைக் கடையில் உணவுக்கென விற்கும் கேழ்வரகே தட்டுக்குப் போதுமானது. வைக்கோலை மாட்டுக்கொட்டகையிலிருந்து எடுத்து வருவோர் அதனை ஒரு நாள் முழுவெயிலில் உலர்த்தி உதறினால் உண்ணிகள் ஓரளவு நீங்கும். சுரூபங்களைப் பொறுத்தவரை, சுட்ட களிமண் உருவம் உடைந்தால் கூரிய சில்லுகளாகும் என்பதும், உடைந்ததை ஒட்டுவதற்கென வாங்கிய பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவை நாய் விழுங்கினால் அது வயிற்றுக்குள் இறுகிக் கட்டியாகும் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கவை. குடில் மூவரசர் திருநாளான சனவரி 6 வரை வீட்டில் இருக்கப்போவதால், அதனைத் தரையில் பரப்பாமல் மேசைமீது அமைப்பது எல்லாச் சிக்கலுக்கும் சுருக்கமான விடை.

பூக்களில் எச்சரிக்கைக்கு உரியவை இரண்டு. மார்கழியில் மல்லிகையின் வரத்துக் குறைந்து விலை ஏறும்போது, ஸ்ரீரங்கம் சாத்தார வீதியிலோ காந்தி மார்க்கெட்டிலோ தோரணத்துக்குப் பூ வாங்குவோரின் கை அரளியின் பக்கம் செல்கிறது. செவ்வரளி, வெள்ளரளி, மஞ்சள் அரளி ஆகிய அனைத்தும் இதயத்துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும் நஞ்சுகளைப் பூவிலும் இலையிலும் தண்டிலும் கொண்டவை. உலர்ந்த பின்னும் அந்நஞ்சு அழிவதில்லை. மறுநாள் வாடிக் கீழே விழும் சரத்தை நாய் மென்றால் விளைவு உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டாவது, ஆலய அலங்காரங்களிலும் மேடைப் பூவடுக்குகளிலும் விசிறிபோல் விரிக்கப்படும் சைக்கஸ் ஓலை. பனையோலையின் சாயலில் தோன்றினாலும் இது பனை இனமன்று. அதன் எல்லாப் பகுதிகளிலும், குறிப்பாக விதையில், ஈரலை அழிக்கும் நஞ்சு உள்ளது. ஆலயத்தில் மிஞ்சிய ஓலைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து குடிலுக்குப் பின்னணி அமைக்காமல், தென்னங்கீற்றையே பயன்படுத்தலாம். செண்டிக்கும் சாமந்திக்கும் இத்தகைய அச்சமில்லை. செந்நிற இலைகளோடு தொட்டியில் விற்கப்படும் பாயின்செட்டியா என்னும் மெக்சிகோ செடி கொடிய நஞ்சு எனப் பரவியிருக்கும் பெயர் மிகையானது; அதன் பால் வாய் எரிச்சலையும் சிறிது வாந்தியையும் தருவதோடு நின்றுவிடுகிறது.

அலங்காரத்தின் ஒரு பகுதியாகவே உணவும் இப்போது வைக்கப்படுகிறது. மரத்தில் ஜரிகைத்தாள் சுற்றிய சாக்லெட் தொங்குகிறது, அதன் அடியில் கேக் பெட்டி காத்திருக்கிறது. காகிதமும் அட்டையும் மனிதரின் கண்ணை மறைக்குமேயன்றி நாயின் மூக்கை மறைக்காது. சாக்லெட்டில் உள்ள தியோபுரோமின் என்னும் பொருளை மனித உடல் விரைவில் சிதைத்து வெளியேற்ற, நாயின் உடலில் அது பாதியாகக் குறையவே ஏறத்தாழ பதினேழு மணி நேரம் ஆகிறது. எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லி கிராம் என்ற அளவில் வாந்தியும் பதற்றமும் தொடங்கும் என்பது மருத்துவக் கணக்கு. பத்துக் கிலோ எடையுள்ள நாட்டு நாய்க்குச் சுமார் 100 கிராம் பால் சாக்லெட்டும், 40 கிராம் கருஞ்சாக்லெட்டும், கேக்குக்கென வாங்கிய கோகோ தூள் 10 கிராமுமே அந்த அளவை எட்டப் போதுமானவை. பிளம் கேக்கின் நிலை இன்னும் மோசமானது. அதில் ரம்மில் ஊறிய உலர்திராட்சை உள்ளது. திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகச் செயலிழப்பை உண்டாக்குவது நெடுங்காலமாக அறியப்பட்டிருந்தும், காரணப் பொருள் எது என்பது புலப்படாமல் இருந்தது. அண்மை ஆண்டுகளில் அமெரிக்கக் கால்நடை நச்சியல் மருத்துவர்கள், டார்டாரிக் அமிலமும் அதன் உப்பும்தான் காரணமாக இருக்கக்கூடும் என்ற கருத்தை முன்வைத்தனர்; அவர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் திராட்சையோடு சேர்த்துச் சுட்டிய மற்றொரு பொருள் புளி.

திருச்சி அடுக்களைக்கு இது நேரடியாகத் தொடர்புடைய செய்தி. புளியில் டார்டாரிக் அமிலம் மிகுதியாக உள்ளது என்பது வேதியியல் அறிந்த எவர்க்கும் தெரிந்ததே. எனினும் நாய்க்குப் புளிச்சோறு போடுவதை எவரும் பிழையாகக் கருதியதில்லை. குழம்பில் கரைந்த சிறிதளவால் ஒவ்வொரு நாயும் நோயுறும் என்று இதனைக் கொள்ளலாகாது. ஆனால் உரித்து உருட்டி வைத்த புளி உருண்டையும், பாத்திரத்தின் அடியில் மிஞ்சிய புளிக்காய்ச்சலும் உலர்திராட்சைக்கு நிகரான கவனத்தோடு மூடி வைக்கப்பட வேண்டியவை. பிரியாணியிலும் அதன் பச்சடியிலும் உள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, சில நாட்கள் கழித்துச் சோகையாக வெளிப்படும். வெந்த எலும்பு பிளந்து குத்தும். சர்க்கரை நோயாளிகளுக்கென வாங்கிய இனிப்பிலோ சூயிங் கம்மிலோ சைலிடால் என்னும் இனிப்பூட்டி இருக்குமானால், நாயின் உடலில் இன்சுலின் திடீரெனப் பெருகி, இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். கல்கல், அச்சு முறுக்கு, அதிரசம் ஆகியவை நஞ்சல்ல. ஒரு தட்டு முழுவதையும் தின்ற நாய்க்கு எண்ணெய் மிகுதியால் கணைய அழற்சி வரலாம் என்பதோடு அவற்றை விட்டுவிடலாம்.

நஞ்சு உண்ட நாய்க்கு வீட்டில் செய்யப்படும் முதலுதவியே பல வேளைகளில் இரண்டாவது நஞ்சாகிறது. வாந்தி எடுக்கவைக்க உப்புக் கரைசல் ஊட்டுவது இரத்தத்தில் சோடியத்தை உயர்த்தி வலிப்பில் கொண்டுவிடக் கூடும். சோப்பு நீரும் எண்ணெயும் நுரையீரலுக்குள் சென்றுவிடலாம். புளிக்கரைசலைப் பற்றி மேலே கூறியதே போதும். என்ன தின்றது, எவ்வளவு தின்றது, எப்போது தின்றது, நாயின் எடை என்ன என்னும் விவரங்களோடு, மிஞ்சிய உறையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் செல்வதே உரிய முதலுதவி.

கேரல் குழுவினர் இரவில் தப்பட்டையும் கிட்டாருமாக, வெண்தாடி முகமூடி அணிந்த கிறிஸ்துமஸ் தாத்தாவோடு வாசலில் வந்து நிற்பது மனிதர்க்கு மகிழ்ச்சி. நாய்க்கு அது அறிமுகமற்ற கூட்டத்தின் படையெடுப்பு. அவ்வேளையில் நாயைக் கட்டி வைத்தால் போதாது, உள்ளறையில் கதவடைத்து வைக்க வேண்டும். கட்டுண்ட நாய் அச்சத்தில் கடிப்பது அதிகம். எவரையேனும் கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட வீட்டு நாய்தானே என்று விட்டுவிடாமல், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, புத்தூரிலேயே அமைந்துள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. தோலினுள் செலுத்தும் முறையில் அது 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் முடிக்கப்பட வேண்டியது. நள்ளிரவு வெடியைப் பொறுத்தவரை, கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இரவு 11.55 முதல் 12.30 வரை மட்டுமே பட்டாசு வெடிக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று ஆணையிட்டது. வீட்டார் அனைவரும் திருப்பலிக்கோ ஆராதனைக்கோ சென்றிருக்கும் நேரமும் சரியாக அதுவே. விளக்குச் சரங்களை அணைத்து, மெழுகுவர்த்திகளை ஊதிவிட்டு, கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண் எழுதிய வில்லையோடு நாயை உள்ளறையில் விட்டுச் செல்லாத வீடுகளிலிருந்தே மறுநாள் காலை நாயைத் தேடி ஆட்கள் தெருவில் அலைய நேரிடுகிறது. இயலுமானால் வீட்டில் ஒருவர் நள்ளிரவு வழிபாட்டை விடுத்துக் காலை வழிபாட்டுக்குச் செல்லலாம்.

புத்தூர்க் குடும்பத்தினரிடம் இறுதியாக வேண்டப்படுவன சில. நட்சத்திரம் ஏற்றும் நாளிலேயே, பண்டிகை இரவிலும் வரக்கூடிய கால்நடை மருத்துவர் ஒருவரிடம் பேசி, அவரது எண்ணை மின்பெட்டியின் அருகே எழுதி ஒட்டுதல் வேண்டும். நாயின் எடையை இப்போதே பார்த்து அதன் கீழே குறித்துக்கொள்ளுதல் வேண்டும். கேரல் குழுவினர் எந்தத் தெருவுக்கு எந்த இரவில் வருவர் என்பதை முந்திய ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பிலேயே சேர்க்குமாறு சபையாரையும் பங்கு மக்களையும் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். ஆலயப் பூவடுக்குக் குழுவினர், வழிபாடு முடிந்தபின் அரளிச் சரங்களையும் சைக்கஸ் ஓலைகளையும் வாசலில் குவித்துப் போகாமல் மூடிய குப்பைத்தொட்டியில் சேர்க்க வேண்டும். வளர்ப்பவர் எவருமில்லாத நாய்களும் அந்த வாசலில்தான் படுத்திருக்கின்றன.